இறுக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு

பேராதனையிலிருந்து பதுளை வழியாக இறங்கி வரும் ஏ5 வீதி எமது செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. காலை ஆறு மணிக்கு அச்சந்தியில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு, எமது மக்களின் சீவியம் எதன்மேல் ஓடுகிறது என்பது விளங்கிவிடும். ஒருவர் பின்னால் உரப்பையைக் கட்டியிருப்பார். இன்னொருவரின் வண்டியில் இருபுறமும் பாற்கான்கள் தொங்கும். வேறொருவர் மனைவியையும் மண்வெட்டியையும் ஏற்றிக்கொண்டு கறுத்தப்பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைப் பக்கம் போய்க்கொண்டிருப்பார். எல்லாம் மோட்டார் சைக்கிள்கள். அதிலும் பெரும்பாலானவை வயது போனவை.

1990 ஜூனில் ஒரு தடவை, 2007 மார்ச்சில் இன்னொரு தடவை என்று இடம்பெயர்ந்த குடும்பங்கள் எம்மிடையே பல. சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் பிள்ளைகளின் படிப்புக்காகவும், சிலர் மனதில் ஊறிவிட்ட பயத்தாலும் எழுவான்கரையிலேயே தங்கிவிட்டார்கள். ஆனால் வயல் இடம்பெயரவில்லை. அது இருந்த வட்டையிலேயே இருக்கிறது. வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் விழுந்துவிட்ட தூரத்தை நாளாந்தம் கடக்க எமக்கு இருப்பது இந்த வண்டி ஒன்றுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் புதிய வண்டியின் விலைக்குக் கிட்டப் போக முடியாமல், பழைய எஞ்சின்களையே பிரித்துப் பூட்டி ஓடினோம். இன்றும் அநேகர் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

ஆகவே எஞ்சினின் தலையை, அதாவது சிலிண்டர் ஹெட்டை, பிடித்து வைத்திருக்கும் நான்கு நட்டுகளைப் பற்றி ஒரு விவசாயி எழுதுவது தவறில்லை என்று நினைக்கிறேன்.

எனது வண்டி ஒரு ஹொண்டா சி.90. சில வருடங்களுக்கு முன்னர் மாரிப்போக விதைப்பு முடிந்த கையோடு அது புகைக்கத் தொடங்கியது. மேட்டில் இழுக்கவில்லை. ரிங் தேய்ந்துவிட்டது என்று ஒரு கராஜில் கொடுத்தேன். (எந்தக் கராஜ் என்பது இங்கு தேவையில்லை. அங்கு நடந்தது எங்கும் நடக்கிறது.) வேலை செய்த தம்பி கெட்டிக்காரர், கை சுத்தம், புதிய பிஸ்டனையும் ரிங்கையும் ஒழுங்காகப் போட்டார். கடைசியில் ஹெட்டை வைத்து நட்டுகளைப் பூட்டும்போது, ஸ்பானரின் முனையில் முழங்கை நீளமான இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி, காலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்தார். இழுத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அண்ணன், இனி ஒருநாளும் இது கழராது” என்றார். எனக்கும் சந்தோசம். கொடுத்த காசுக்கு வலுவாகப் பூட்டித் தந்திருக்கிறார் என்று வீட்டிலும் சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள், கரடியனாற்றைத் தாண்டிப் போகையில், எஞ்சின் தும்முவது போல ஒரு சத்தம். ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவிலிருந்து காற்றும் ஒயிலும் சேர்ந்து என் காற்சட்டையில் தெறித்தன. பிரித்துப் பார்த்தபோது, ஸ்டட் ஒன்று அடியிலிருந்த அலுமினியப் புரியையும் உரித்து எடுத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. துளையைப் பெரிதாக்கி, உள்ளே பித்தளைப் புஷ் அடித்து, புதிதாகப் புரி வெட்ட வேண்டியதாயிற்று. முதல் வேலைக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. அதைவிட, களைக்கு மருந்தடிக்க வேண்டிய கிழமையில் நான் வயலில் இல்லை. பஸ்ஸில் போய், இறங்கி நடந்து, மருந்துத் தாங்கியையும் சுமந்து போய்ச் சேர்ந்தபோது புல் நெல்லை மூடிவிட்டது. அந்தப் போகத்து வேளாண்மை வாங்கிய கடனைக்கூட மூடவில்லை. நான்கு நட்டுகளை வலுவாகப் பூட்டியதால் வந்த வினை இது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

தளர்வாகப் பூட்டினால் கழன்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூட இறுக்கினாலும் கெட்டுவிடும் என்பதைத்தான் நாம் ஏற்பதில்லை. போல்ட் என்பது அசையாத ஆணி என்று நினைக்கிறோம். உண்மையில் அது இழுபடுகிற பொருள். நெல் மூடையைக் கரியரில் கட்டும்போது பழைய ரியூப் பட்டியை என்ன செய்கிறோம்? இழுத்துக் கட்டுகிறோம். இழுபட்ட பட்டி மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் மூடையைப் பிடித்து வைத்திருக்கிறது. இழுக்காமல் சும்மா சுற்றினால் மூடை வழியில் விழும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் பட்டி நைந்து, அடுத்த முறை சுருங்க மாட்டாது. போல்ட்டும் ஸ்டட்டும் இரும்பாலான ரியூப் பட்டிகள். நட்டைத் திருகும்போது அவை கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கின்றன. சுருங்கப் பார்க்கும் விசையால் ஹெட்டைக் கஸ்கட்டின்மேல் அழுத்தி வைத்திருக்கின்றன. ஓர் எல்லை வரை நீண்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும். எல்லையைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். அதற்குப் பிறகு அந்தப் போல்ட்டில் பிடிப்பு இல்லை. பார்ப்பதற்கு மட்டும் முழுசாக இருக்கும்.

எவ்வளவு பாரத்தை அது தாங்க வேண்டும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். பழைய சி.90இன் சிலிண்டர் குறுக்களவு 50 மில்லிமீற்றர்; பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்ரிமீற்றர். பெற்றோல் வெடிக்கும் கணத்தில் உள்ளே சதுர சென்ரிமீற்றருக்கு 40 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை 785 கிலோ அளவுக்கு வருகிறது. 65 கிலோ நெல் மூடையாகச் சொன்னால் பன்னிரண்டு மூடை. ஒரு நட்டுக்கு மூன்று மூடை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றும்போது இந்தப் பன்னிரண்டு மூடையும் செக்கனுக்கு 25 தடவை அடியிலிருந்து முட்டுகின்றன. இவ்வளவையும் தாங்குவது விரல் தடிப்புக்கூட இல்லாத நான்கு கம்பிகள். ஹொண்டாவின் இந்த வகைச் சிறிய வண்டி 1958இல் வெளிவந்தது. 2017 ஆகும்போது உலகம் முழுவதும் பத்துக் கோடி செய்யப்பட்டுவிட்டது. கம்பிகள் சிறியவை என்பது குறையல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனிச் சூட்டுக்கு வருவோம். எமது வண்டிகளின் ஹெட்டும் பிளொக்கின் வெளிப்புறமும் அநேகமாக அலுமினியம், ஸ்டட் உருக்கு. சூடேறும்போது அலுமினியம் உருக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே வண்டி ஓடிச் சூடாகும்போது, தடித்த ஹெட் மேலே தள்ள, ஸ்டட் இன்னும் கொஞ்சம் இழுபடுகிறது. சரியான அளவில் பூட்டிய ஸ்டட்டுக்கு இந்த மேலதிக இழுவையைத் தாங்க இடமிருக்கும். குழாய் போட்டு இறுக்கியதற்கு இடமில்லை. அது கராஜ் வாசலிலேயே தன் எல்லையில் நிற்கிறது; சூட்டில் எல்லையைத் தாண்டுகிறது, அல்லது தான் குந்தியிருக்கும் அலுமினியப் புரியைப் பிய்க்கிறது. ஆறியதும் தளர்ந்து போகிறது. எனக்குப் பத்தொன்பது நாள் எடுத்தது இதனாலேதான். ஒவ்வொரு நாளும் போய் வந்த சூடும் குளிரும் புரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கின்றன.

இன்னொரு விடயத்தைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நட்டைத் திருகும்போது நாம் கொடுக்கும் முயற்சியில் பத்தில் ஏறத்தாழ ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் பயன்படுகிறது. மற்ற ஒன்பது பங்கையும் நட்டின் அடியிலும் புரியிலும் உண்டாகும் உராய்வு விழுங்கிவிடுகிறது. புரியில் துருவும் மணலும் இருந்தால் அந்த ஒரு பங்கும் மிஞ்சாது. கை நோக இறுக்கியும் ஹெட் சரியாக அழுத்தப்பட்டிராது. மாறாக, காய்ந்த புரிக்கென்று கொடுத்த அளவை ஒயில் பூசிய புரிக்கு வைத்தால் இழுவை கூடிப்போகும். ஆகையால் புரியைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புத்தகம் ஒயில் பூசச் சொன்னால் மட்டும் ஒரு துளி தொட்டுப் பூச வேண்டும். அடி மூடிய துளைக்குள் போல்ட் போகும் எஞ்சின்களில் உள்ளே ஒயிலோ தண்ணீரோ தேங்கி நிற்கக் கூடாது. திரவம் நசியாது, போல்ட் இறங்க இறங்க அது கேஸை வெடிக்கச் செய்துவிடும். சி.90 போன்றவற்றில் ஒரு ஸ்டட்டின் துளை வழியாகவே ஒயில் மேலே ஏறுகிறது. அதற்குரிய செப்பு வாசரை மாறி வேறு ஸ்டட்டில் போட்டால் ஒயில் ஒழுகும். ஒழுகுகிறதே என்று மறுபடி இறுக்குவோம். பிரித்தபோது எது எங்கிருந்தது என்று ஒரு மட்டைத் துண்டில் துளையிட்டுக் குத்தி வைத்தால் இந்தக் கரைச்சல் இல்லை.

பழைய கஸ்கட்டைத் திரும்பப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. போடக் கூடாது, அவ்வளவுதான். ஹெட்டின் முகம் கோணியிருக்கிறதா என்று நேரான இரும்பு மட்டத்தை வைத்துப் பீலர் கேஜால் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு 0.05 முதல் 0.10 மில்லிமீற்றருக்குமேல் இடைவெளி இருக்கக் கூடாது. கோணிய ஹெட்டை எந்த இறுக்கமும் நேராக்காது.

பூட்டும் ஒழுங்கை விளக்க எமக்கு வேறு உதாரணம் தேவையில்லை. தற்காலிகக் கொட்டிலுக்குத் தகரம் அடித்த அனுபவம் எம்மில் எல்லோருக்கும் உண்டு. ஒரு மூலையின் ஆணியை முதலிலே முழுதாக அடித்துவிட்டால் எதிர்மூலை எழும்பி நிற்கும். பிறகு அதை அடித்தால் நடுவில் மடிப்பு விழும். நாலு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, கடைசியில்தான் இறக்குவோம். ஹெட்டும் அப்படியே. முதலில் நான்கு நட்டுகளையும் விரலால் அடிவரை திருக வேண்டும். விரலால் போகாத நட்டை ஸ்பானரால் வற்புறுத்தக் கூடாது. புரியில் ஏதோ பிழை. பிறகு மூலைக்கு மூலை மாறி மாறி, முழு அளவின் பாதிக்குச் சற்றுக் குறைய ஒரு சுற்று, முக்காலுக்குக் கிட்ட ஒரு சுற்று, முழு அளவுக்கு ஒரு சுற்று. கழற்றும்போதும் இதே மாதிரி, எஞ்சின் நன்றாக ஆறிய பின்னர், மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக. சுடச்சுட ஒரு மூலையை முழுதாகக் கழற்றினால் ஹெட் கோணிப்போகும். அவசரக்காரரின் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

அந்த முழு அளவு என்ன? ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதன் சேவைப் புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்கு வைக்க முடியாது. பொதுவாக, தனியான எண் கொடுக்கப்படாத சாதாரண போல்ட்டுகளுக்கு ஹொண்டா கொடுக்கும் அளவு 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு 10 நியூட்டன் மீற்றர், 8 மில்லிமீற்றருக்கு 22 நியூட்டன் மீற்றர். பழைய புத்தகங்களில் இதே அளவு கிலோகிராம்-மீற்றர் என்று இருக்கும். தூரத்தை அளக்கும் கிலோமீற்றர் என்று அதை வாசித்துக் குழம்பியவர்களும் உண்டு, நான் உட்பட. ஒரு மீற்றர் நீளமான ஸ்பானரின் முனையை ஒரு கிலோ பாரத்தால் இழுத்தால் அது ஒரு கிலோகிராம்-மீற்றர். ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர்.

இதைக் காட்டுவதற்கென்றே டோர்க் ரென்ச் என்ற கருவி இருக்கிறது. அது இல்லாத இடத்தில், வாவிக்கரையில் மீன் நிறுக்கும் வில்லுத் தராசு போதும். ஸ்பானரின் பிடியில், நட்டின் நடுவிலிருந்து சரியாக 25 சென்ரிமீற்றர் தூரத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். அவ்விடத்தில் தராசின் கொளுக்கியை மாட்டி, ஸ்பானருக்குச் செங்கோணமாக, குலுக்காமல் மெதுவாக இழுங்கள். முள் 4 கிலோவைக் காட்டும்போது நட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் போயிருக்கும். 9 கிலோவைக் காட்டும்போது 22. அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தராசு சரியா என்று முதலில் ஐந்து கிலோ அரிசிப் பொதியைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குத் திரும்பத் திரும்பப் பாவிக்கும் கருவியாக இதை நான் சொல்லவில்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது குழாயைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தக் கணக்கைக் குழாய்க்கும் போட்டுப் பாருங்கள். ஸ்பானரும் குழாயும் சேர்ந்து 60 சென்ரிமீற்றர், இழுவை ஒரு 20 கிலோ. விடை 12 கிலோகிராம்-மீற்றர். 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு வேண்டியதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அந்தத் தம்பி என் வண்டியில் மிச்சமிருந்த மூன்று ஸ்டட்டையும் உடைக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

“எங்கட கைக்கு அளவு தெரியும், தம்பி. எந்தப் புத்தகமும் வேண்டாம்” என்று ஒரு மூத்த மெக்கானிக் என்னிடம் சொன்னார். அவர் சொல்வதை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். முப்பது வருடம் ஒரே ஸ்பானரைப் பிடித்த கைக்கு அளவு தெரியத்தான் செய்யும். குட்டை ஸ்பானரை எடுத்து, நடுவில் பிடித்து, மணிக்கட்டால் மட்டும் இழுப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பூட்டிய எஞ்சின்கள் பத்து வருடம் ஓடுகின்றன. ஆனால் காலை எட்டு மணிக் கையும் மாலை ஆறு மணிக் கையும் ஒன்றல்ல. நான்கு நட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது இன்னும் கடினம். எட்டாத மூலையிலுள்ள நட்டுக்கு இழுவை எப்போதும் வேறு. எல்லாவற்றையும் விட, அந்த மூத்தவரின் கை அவரோடு போய்விடும். அவரிடம் பழகும் பொடியன் அவர் இழுப்பதைப் பார்க்கலாம். எவ்வளவு இழுத்தார் என்பதைப் பார்க்க முடியாது. ஓர் எண் இருந்தால் அதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

எமது மெக்கானிக்குகள் ஏன் அளவில்லாமல் வேலை பழகினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது அவர்களுடைய குற்றமல்ல. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத 1990களின் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகவும் குறைவு. எஞ்சின் தட்டும், கடுமையாகச் சூடேறும், காபன் படியும், கஸ்கட் எரியும். உதிரிப்பாகமும் இல்லை. கறுத்தப்பாலத்துக்கு அப்பாலும் 2002இன் போர்நிறுத்தம் வரை எரிபொருளும் சாமான்களும் தட்டுப்பாடுதான். அந்தக் காலத்தில் தகரத்தை வெட்டிக் கஸ்கட் செய்தவர்கள், தேய்ந்த புரியில் நூல் சுற்றி நட்டைப் பூட்டியவர்கள், ஒரு சமுதாயத்தையே ஓட வைத்தார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் தேய்ந்த புரி பிடிக்க வேண்டுமென்று பழகிய பலமான இழுவை, நல்ல புரி வந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. ஒரு தலைமுறையின் அவசரம் அடுத்த தலைமுறைக்குப் பாடமாகிவிட்டது.

அளவோடு தொழில் பழக்கும் இடங்களும் அக்காலத்தில் நொறுங்கின. அமெரிக்காவிலிருந்து வந்து கிழக்கிலே பல்லாண்டுகள் ஆசிரியராகவும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் இருந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், மட்டக்களப்பின் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் சென்ற இளைஞரோடு காணாமற்போனார். அவர் வர வேண்டியிருந்தது எமது இந்தச் செங்கலடி வீதியால்தான். அவர் போன்றவர்களிடம் படித்திருக்க வேண்டிய எத்தனை பொடியன்கள் பட்டறை வாசலில் பார்த்துப் பழகியதோடு நின்றுவிட்டார்கள் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. வண்டியைக் கொடுத்துவிட்டுப் பின்னேரமே வேண்டும் என்று நிற்கிறோம். புதிய கஸ்கட்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும், “பழையதையே போடு தம்பி, பாப்பம்” என்று சொல்வது நாங்கள்தான். லீசிங் காசு கட்ட வேண்டிய கிழமையில் அப்படித்தான் வாயில் வரும். ஹெட்டைத் தேய்த்து மட்டமாக்க ஒரு மணித்தியாலம் கேட்டால் கொடுப்பதில்லை.

குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்தும் பெண்கள் எம்மிடையே ஏராளம். யுத்தம் அவர்களை அப்படி ஆக்கியது. வண்டி ஓடிப் பால் கொண்டு போவதும் வயல் பார்ப்பதும் அவர்களே. கராஜுக்குப் போனால், “அக்கா, உங்களுக்கு இது விளங்காது, நான் பார்த்துச் செய்யிறன்” என்று அனுப்பிவிடுகிறார்கள். விளங்காதது இதில் ஒன்றுமில்லை. சகோதரிகளே, ரியூப் பட்டியால் மூடை கட்டத் தெரிந்த உங்களுக்கு இது ஏற்கனவே தெரியும். பக்கத்தில் நின்று பாருங்கள். குழாயை எடுத்தால், “தம்பி, அதை வையுங்கோ. இந்த வண்டிக்கு என்ன அளவு?” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

மீள்குடியேற்றத்தோடு எமது கிராமங்களுக்கு இருசில்லு உழவு இயந்திரங்களும் நீர்ப் பம்பிகளும் வந்தன. கொடுத்தவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் இயந்திரத்தோடு என்ன வந்தது? ஒரு பையில் இரண்டு ஸ்பானர், ஒரு திருப்புளி, ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். அப்பம்பிகளில் எத்தனை இன்று கோழிக்கூட்டின் ஓரத்தில் கிடக்கின்றன என்பதை நீங்களே உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். டீசல் எஞ்சினின் உள் அழுத்தம் பெற்றோல் எஞ்சினைவிட அதிகம். அதன் ஹெட் நட்டுகளுக்கு அளவும் ஒழுங்கும் இன்னும் அவசியம். பத்து இயந்திரம் கொடுக்கும் திட்டம் ஒன்பதைக் கொடுத்துவிட்டு, பத்தாவதின் காசில் அளவுக் கருவிகளையும் ஒரு வாரப் பயிற்சியையும் தந்தால் அதிக காலம் அதிக இயந்திரங்கள் ஓடும் என்பது எனது கருத்து. திட்டம் எழுதுபவர்களுக்கு இது பிடிக்காது. பத்து இயந்திரத்தை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம். டோர்க் ரென்ச்சைப் படம் எடுத்தால் யாருக்கும் என்னவென்று தெரியாது.

யாரும் தரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் ஒரு டோர்க் ரென்ச் வாங்கி வைக்கலாம். எனது புரியை வெட்ட நான் கொடுத்த பணம் ஒன்றுக்குப் போதுமாயிருந்தது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார், லொறிக்கான பெரிய ரென்ச் மோட்டார் சைக்கிளுக்கு உதவாது. அதன் அளவே 40இல் தொடங்கும். எமக்கு வேண்டியது 5 முதல் 25 நியூட்டன் மீற்றர் வரை காட்டும் சிறியது. உழவு இயந்திரத்துக்கு இன்னொன்று. அதை நட்டுக் கழற்றப் பாவிக்கக் கூடாது, கீழே போடக் கூடாது, வேலை முடிந்ததும் உள்ளேயிருக்கும் சுருள்வில்லைத் தளர்த்தி வைக்க வேண்டும். இரவல் கொடுக்க ஒரு கொப்பியும் போதும். எமது ஊரில் அதிகம் ஓடும் ஐந்தாறு வகை வண்டிகள், பம்பிகள், உழவு இயந்திரங்கள் ஆகியவற்றின் அளவுகளைப் புத்தகத்திலிருந்து பார்த்துத் தமிழில் ஒரு தாளில் எழுதி, கராஜ் சுவர்களில் ஒட்டக் கொடுக்கலாம். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இரண்டு நாள் வேலை.

மாரிப்போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுக்கும்படி எங்கள் வட்டையின் கமக்காரர் அமைப்புச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் சிரித்தார், ஆனால் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதுவரைக்கும் எனது வில்லுத் தராசு வீட்டில் இருக்கிறது. தேவையானவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். மீன் மணம் போகக் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.